படத்தில் இருந்த அந்த விரல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆக்‌ஷன் பிஸ்டல் போட்டிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஓடிக்கொண்டே சுடும் இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் யாரும் எழுதமாட்டேன் என்கிறார்களே என்று புலம்பிக்கொண்டிருந்தவள் நான். தலைப்பைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டுரைக்குள் போவதற்கு முன்பே படம் என்னை நிறுத்திவிட்டது.

கால் பக்கத்துக்கு ஓர் இளைஞர். கறுப்பு டி-ஷர்ட், இடுப்பில் தடித்த பெல்ட், கையில் பிஸ்டல், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவருடைய ஆள்காட்டி விரல் ட்ரிகர் மேல் இருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லை. அவர் சுடவில்லை, குறி பார்க்கவும் இல்லை, சும்மா நின்று போஸ் கொடுக்கிறார். அந்த விரலுக்கு அங்கே என்ன வேலை?

"இதுக்குப் போய் ஆசிரியருக்குக் கடிதமா?" என்றார் என் கணவர். இதற்குத்தான். கட்டுரையின் தலைப்பே 'நீங்களும் தொடங்கலாம்' என்பது. தொடங்க நினைக்கிற ஒருவர் உங்களிடம் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அந்தப் படம். ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், அப்படி நின்றால் அவரை அரை நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு வயது 54. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 51-ஆவது வயதில் இந்த விளையாட்டுக்கு வந்தேன். "ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தவே உனக்குப் பொறுமை கிடையாது, நீ துப்பாக்கி பிடிக்கப் போறியாம்மா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் சாம்பியன் எல்லாம் இல்லை. முடிவுப் பட்டியலை எடுத்தால் பாதிக்குக் கீழேதான் என் பெயரைத் தேட வேண்டும். அதனால் எப்படி வெல்வது என்று நான் சொல்லப் போவதில்லை. எப்படித் தொடங்குவது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைத் தப்பாகவும் செய்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் கட்டுரையாளர் 'முதலில் நல்ல துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும்' என்கிறார். என் அனுபவம் நேர் எதிர். உடன் வேலை செய்பவர் ஒருவர், "போட்டியில புள்ளி கூட்டிச் சொல்ல ஆள் இல்ல, நீங்கதான் கணக்குல புலியாச்சே, வாங்களேன்" என்று கூப்பிட்டார். போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் துப்பாக்கியைத் தொடவே இல்லை. காதில் ஒலி மறைப்பு, கண்ணில் கண்ணாடி, ஒரு கையில் புள்ளி எழுதும் கருவி, இன்னொரு கையில் ஒட்டுக் காகிதச் சுருள். ஒருவர் சுட்டு முடித்ததும், நடுவர் மாதிரி கூடவே வரும் ரேஞ்ச் ஆபீசரோடு போய் ஒவ்வொரு அட்டை இலக்காகப் பார்த்து, "ரெண்டு ஏ", "ஒரு ஏ ஒரு சி" என்று அவர் சொல்லச் சொல்லப் பதிய வேண்டும். பின்னாலேயே மற்றவர்கள் வந்து ஓட்டைகளை ஒட்டுவார்கள், விழுந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்துவார்கள். அடுத்தவர் வருவார்.

இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சுடுபவர் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் ஒட்டுபவர் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதே நொடியில் பறந்து முடித்தவரின் இலக்குகளில் ஓட்டையைத் தேட வேண்டியிருக்கும். நிதானமாகப் போன ஒரு பெண்ணின் ஓட்டைகளை ஒரே ஒட்டுக் காகிதம் மூடிவிடும். அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம்: வேகம் என்று நாம் நினைப்பது வேகம்தானா?

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல அனுமதியுங்கள். தொழில் புத்தி. கட்டுரையில் 'மின்னல் வேகமே வெற்றி' என்று ஒரு வரி, அதுவும் தடித்த எழுத்தில். இந்த விளையாட்டை உலக அளவில் நடத்தும் அமைப்பு ஐபிஎஸ்சி (இன்டர்நேஷனல் பிராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்). 1976-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடிப் பேசித் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அதன் சின்னத்தில் மூன்று லத்தீன் சொற்கள் இருக்கின்றன. துல்லியம், ஆற்றல், வேகம் என்று பொருள், அதே வரிசையில். வேகம் மூன்றாவது.

புள்ளி முறையும் அப்படித்தான். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்க வேண்டும். வருவது 'ஹிட் ஃபேக்டர்'. அட்டையின் நடுப்பகுதி ஏ, அதற்கு 5 புள்ளி. சுற்றியுள்ளது சி, ஓரம் டி. சாதாரண 9 மி.மீ. தோட்டாவுக்கு சி என்றால் 3, டி என்றால் 1. இலக்கை விட்டுவிட்டால் 10 புள்ளி கழியும். சுடக்கூடாத இலக்கு என்று நடுநடுவே வைத்திருப்பார்கள். அதில் பட்டாலும் 10 போச்சு.

எட்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 16 குண்டுகள் உள்ள ஒரு ஸ்டேஜ், அதாவது போட்டியின் ஒரு சுற்று, என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் புள்ளி 80. நான் 14 ஏ, 2 சி எடுக்கிறேன், 76 புள்ளி. ஆனால் 38 நொடி ஆகிவிட்டது. வகுத்தால் 2. அந்த நிதானமான பெண் 10 ஏ, 6 சி, 68 புள்ளி, 17 நொடி. வகுத்தால் 4. பறந்து போனவர் 9 நொடிதான், ஆனால் 6 ஏ, 4 சி, 2 டி, மீதி நான்கும் காற்றில். 44-இல் 40 கழிந்து கையில் 4 புள்ளி. வகுத்தால் அரைகூட வரவில்லை. ஸ்டேஜில் முதலில் வந்தவருக்கு முழு 80, மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில். பெண்ணுக்கு 80, எனக்கு 40, மின்னலுக்கு 9-க்கும் கொஞ்சம் குறைவு. என் 40-ஐப் பார்த்து நான் பெருமைப்படவும் முடியாது. 8 புள்ளி கூடுதலாக எடுத்தும் பாதிதான் கிடைத்தது. இந்த வகுத்தல்தான் என்னை இழுத்துப் போட்டது. ஆமை முயல் கதை இங்கே செல்லாது. ஆமையும் தோற்கும், முயலும் தோற்கும்.

நான்காவது ஞாயிறுதான் துப்பாக்கி கைக்கு வந்தது. அதுவும் கடன் வாங்கியது. தோட்டா இல்லாமல் இரண்டு மணி நேரம். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ரேஞ்ச் ஆபீசர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அன்று முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான்: "விரல நீட்டி வெளிய வைம்மா." குறி இலக்கில் நின்று, சுடுவது என்று முடிவும் ஆன பிறகுதான் விரல் உள்ளே போகலாம். மேகஸின், அதாவது தோட்டாக்கள் அடைத்த கூடு, மாற்றும்போது வெளியே. நடக்கும்போது வெளியே. சிக்கிய தோட்டாவை எடுக்கும்போது வெளியே. துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு ஒட்டினாற்போல் நேராக நீட்டி வைக்க வேண்டும், பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி. என் விரலோ, பால்பாயின்ட் பேனாவைக் கிளிக் பண்ணிப் பண்ணிப் பழகின விரல். சும்மா விட்டால் தானாக மடங்கும். ஒரு வாரம் குடையைப் பிடித்தால்கூட ஆள்காட்டி விரலை நீட்டியே வைத்துப் பழகினேன். பக்கத்து இருக்கைக்காரர் கையில் அடியா என்று விசாரித்தார்.

அப்புறம் தோட்டா போட்டுச் சுட்டபோது இன்னொரு வியாதி தெரியவந்தது. என் குண்டுகள் எல்லாம் இடது கீழ் மூலையில் போய் விழுந்தன. துப்பாக்கிதான் கோணல் என்று நினைத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் மேகஸினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைச் சொருகித் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை ட்ரிகரை அழுத்தினேன். டொக் என்று ஒரு சத்தம், வெடிக்கவில்லை. ஆனால் என் கையோடு துப்பாக்கியின் முனை, யாரோ மேலிருந்து தட்டினாற்போல் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. வெடிக்கும்போது துப்பாக்கி கையை உதைக்குமே, அந்த வராத உதையை நான் முன்கூட்டியே அமுக்கியிருக்கிறேன்! அவ்வளவு வெட்கம் எனக்கு. "எல்லாருக்கும் உள்ளதுதான், போகப் போகச் சரியாயிடும்" என்றார் அண்ணன். போயிற்று, முழுசாக இல்லை. களைப்பாக இருக்கும் நாளில் இன்னும் எட்டிப் பார்க்கும்.

இனி என் மானம் போன கதை. முதல் போட்டி. மொத்தம் ஆறு ஸ்டேஜ், மூன்றை ஒழுங்காக முடித்துவிட்டேன். நான்காவது ஸ்டேஜில் வலப்பக்கம் நான்கு இலக்குகளைச் சுட்டுவிட்டு இடப்பக்கம் ஓடி, வழியிலேயே மேகஸின் மாற்ற வேண்டும். சுடுவதற்கு முன் ஸ்குவாடில், அதாவது சேர்ந்து சுற்றி வரும் குழுவில், உள்ள எல்லோரும் வெறுங்கையோடு நடந்து பார்க்க நேரம் தருவார்கள். பத்துப் பன்னிரண்டு வளர்ந்த மனிதர்கள் காலி கைகளை நீட்டியபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடப்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும். நானும் நான்கு முறை நடந்தேன். பிறகு என் முறை. "லோட் அண்ட் மேக் ரெடி" என்றார் ஆபீசர். "ஆர் யூ ரெடி?" என்றார். "ஸ்டாண்ட் பை." பீப்.

அதற்குப் பின் எனக்கு ஞாபகம் இருப்பது "ஸ்டாப்!" என்ற குரல் மட்டும்தான்.

நடந்தது இது. இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு கோடு கிடைக்கும். துப்பாக்கியின் முனை அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒருபோதும் வரக்கூடாது. வலக்கைக்காரர் மேகஸின் மாற்றும்போது முனை இயல்பாகவே இடப்பக்கம் சாயும். இடப்பக்கம் ஓடுகிறோம் என்று உடம்பையும் முழுக்க அந்தப் பக்கம் திருப்பினால், சாய்ந்த முனை கோட்டைத் தாண்டிப் பின்னால் போய்விடும். என் முனை தாண்டிவிட்டது. விரல் வெளியேதான் இருந்தது, குண்டு வெடிக்கவில்லை, அந்தப் பக்கம் ஆளும் இல்லை. அதெல்லாம் பேச்சே இல்லை. போட்டியிலிருந்து நீக்கம். மீதி ஸ்டேஜ்களும் கிடையாது, முடித்தவற்றின் புள்ளியும் கிடையாது.

ஆபீசர் கோபப்படவில்லை. துப்பாக்கியை வெறுமையாக்கி உறையில் வைக்கச் சொன்னார். தன் கையைத் துப்பாக்கி மாதிரி வைத்து நான் எப்படித் திரும்பினேன், எப்படித் திரும்பியிருக்க வேண்டும் என்று காட்டினார். ஓடும் பக்கம் கால் திரும்பட்டும், மார்பும் முனையும் மண்மேட்டைப் பார்க்கட்டும், நண்டு மாதிரி. நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்து அழுதேன். 51 வயதில் தேவையா இது என்று வீட்டுக்குக் கிளம்பவும் பார்த்தேன். ஸ்குவாடில் இருந்த ஒரு பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள். "அக்கா, எனக்கு ரெண்டு தடவை ஆயிருக்கு. வாங்க, அங்க ஒட்ட ஆள் பத்தல." போனேன். சாயங்காலம் வரை ஒட்டினேன்.

அதனால்தான், புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். முதல் போட்டியில் உங்கள் இலக்கு, நீக்கப்படாமல் கடைசி ஸ்டேஜ் வரை போவது. அவ்வளவுதான். டைமரை மறந்துவிடுங்கள். அது எப்படியும் ஒவ்வொரு குண்டின் சத்தத்தையும் கேட்டுக் கடைசிக் குண்டின் நேரத்தைக் குறித்துக்கொள்ளும், உங்கள் உதவி அதற்குத் தேவையில்லை.

சாமான்கள் பற்றிக் கட்டுரையில் நீளமாக எழுதியிருக்கிறார்கள், பந்தயத் துப்பாக்கிகளின் படங்களோடு. புதியவருக்கு அதில் ஒன்றும் வேண்டாம். புரொடக்‌ஷன் என்ற பிரிவு இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள சாதாரண பிஸ்டல் போதும். நான் பட்ட நஷ்டம் ஹோல்ஸ்டரில்தான், அதாவது இடுப்பு உறையில். மெத்தென்று இருக்கிறதே என்று துணி ஹோல்ஸ்டர் ஒன்று வாங்கினேன். துப்பாக்கியை எடுத்ததும் அது வாயை மூடிக்கொள்ளும், திரும்ப வைக்க இன்னொரு கையால் விரித்துப் பிடிக்க வேண்டும். அதாவது முனைக்கு முன்னால் என் கையையே வைக்க வேண்டும். முதல் நாளே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ட்ரிகரை முழுக்க மூடுகிற, விறைப்பான ஹோல்ஸ்டர், அதைத் தாங்குகிற விறைப்பான பெல்ட். பெரிய ஸ்டேஜ்களில் 32 குண்டு வரை வரும், அந்தப் பிரிவில் ஒரு மேகஸினில் 15-க்கு மேல் போடக்கூடாது, ஆகவே கணக்குக்கு மூன்று, கையிருப்புக்கு ஒன்று என்று நான்கு மேகஸினாவது வேண்டும். அப்புறம் கழுத்து மூடிய சட்டை. இதை யாரும் எழுதுவதில்லை. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு கொதிக்கக் கொதிக்க வெளியே தெறிக்கும். அது கழுத்து வழியாக உள்ளே போனால் ஆடத் தோன்றும், ஆனால் கையில் துப்பாக்கியோடு ஆட முடியாது. முனையை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது.

கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில் கைதட்டினேன். தோட்டா செலவு தாங்காது, வெறும் துப்பாக்கியோடு வீட்டில் பயிற்சி செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. ஆனால் எப்படி என்று சொல்லாமல் விட்டுவிட்டார். நான் செய்வது: தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டுக்குள். துப்பாக்கியையும் மேகஸின்களையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, காலி என்று இரண்டு முறை உறுதி செய்கிறேன். வெளிச்சுவரைப் பார்த்து நிற்கிறேன், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. சுவரில் தபால்தலை அளவுக்கு மூன்று காகிதத் துண்டுகள். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. உறையிலிருந்து எடுப்பது, இரண்டு கையும் சேர்வது, துப்பாக்கியின் முன் குறி காகிதத்தில் வந்து நிற்பது. குறி அசையாமல் ட்ரிகரை அழுத்துவது. முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லித் துப்பாக்கியைப் பூட்டி வைக்கிறேன். அப்படிச் சொல்லாமல் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று திரும்ப எடுக்கிற நேரம்தான் விபத்து நடக்கிற நேரம் என்பார் அண்ணன்.

வீட்டில் துப்பாக்கி வைக்கச் சட்டம் இடம் தராத நாடுகளில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். முதலில் அங்குள்ள சட்டத்தையும் சங்கத்தையும் விசாரியுங்கள். பிளாஸ்டிக் மணி சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கென்றே ஐபிஎஸ்சி தனிப் போட்டி வைத்திருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியை வென்ற தாட்சுயா சகாய் ஜப்பான்காரர். சொந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வழியில்லாமல் ஏர்சாஃப்டில் பயிற்சி செய்துவிட்டு வந்து வென்றவர். எனக்கு அலுப்பு வரும் இரவுகளில் அவரை நினைத்துக்கொள்வேன்.

'சினிமா கதாநாயகன் போல' என்று கட்டுரையில் மூன்று இடத்தில் வருகிறது. அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கதாநாயகன் துப்பாக்கியை விரலில் சுழற்றுவான், பேசும்போது அதையே ஆட்டி ஆட்டிப் பேசுவான். எங்கள் ரேஞ்சில் ஆபீசர் சொல்லாமல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே கூடாது. துடைக்க வேண்டும், பெல்ட் சரிசெய்ய வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு மேசை உண்டு, அங்கே தோட்டாவைத் தொடக்கூடாது. கை தவறித் துப்பாக்கி கீழே விழுந்தால் அதைத் தவறவிட்டவர் எடுக்கக்கூடாது, ஆபீசர் வந்து எடுப்பார். ஸ்டேஜில் சுடும் நேரத்தில் விழுந்திருந்தால் அன்றைய போட்டி அதோடு சரி. இவ்வளவு கட்டுப்பாடு உள்ள இடத்துக்குக் கதாநாயகன் வந்தால் முதல் ஸ்டேஜ்கூடத் தாண்டமாட்டான்.

ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை, யாரோ துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள். மாற்றுப் படம் இல்லை என்றால், என்னை வண்டியிலிருந்து இறக்கிய அந்தப் பெண் சென்ற மாதம் எடுத்தது ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகஸின் மாற்றுகிறேன். தொப்பி கோணல், நாக்கு வெளியே, பார்க்கச் சகிக்காது. முனை மண்மேட்டைப் பார்க்கிறது, விரல் நேராக நீண்டிருக்கிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி